ஆரஞ்சுப் பழமும் பித்தளை பேட்ஜும்

எனக்கு விடை கொடுத்த கூட்டத்தில், புதிதாக இலாகாவுக்கு வந்திருக்கும் இளம் பெண்கள் இருவர் என்னைத் தனியே பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்கள். டாக்டருக்குப் பதிவு இருக்கிறது, வக்கீலுக்கு இருக்கிறது, நர்ஸுக்குக்கூட இருக்கிறது; சமூக ஊழியருக்கு மட்டும் ஏன் இல்லை? அப்படி ஒரு சட்டம் வந்தால் நம் தொழிலுக்கும் மரியாதை வருமே என்றார்கள். வந்தால் நல்லதுதான் என்றேன். பெங்களூரில் ஏற்கெனவே ஒரு தடவை வந்தது என்றும் சொன்னேன். அவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. இதில் ஆச்சரியம் இல்லை. அந்தப் பதிவைப் பெற்றவர்களே இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமல்ல, எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

எனக்குத் தினமும் டைரி எழுதும் பழக்கம் உண்டு. ஆகவே இதில் வர்ணனை குறைவாக இருக்கலாம், சேர்மானம் எதுவும் இருக்காது.

நான் மிடில் ஸ்கூல் உபாத்தியாயினியாக இருந்தவள். சுதந்திரம் வந்த புதிதில் சமூக நலம் என்ற சொல் எல்லா மேடைகளிலும் கேட்டது. எங்களில் சிலரைப் பம்பாய்க்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். டிப்ளமாவோடு திரும்பினேன். அங்கே கற்றதில் எனக்குக் கடைசிவரை பயன்பட்டது ஒன்றுதான்: யார் வீட்டுக்குப் போனாலும், அவர்கள் உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும். மற்றவை எல்லாம் பரீட்சைக்கு.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு சம்பவம் நடந்தது. கதர் ஜிப்பா அணிந்த ஒருவர், அநாதைக் குழந்தைகளின் ஆசிரமத்துக்கு என்று சொல்லி நகரத்தின் பெரிய மனிதர்களிடமெல்லாம் நன்கொடை வாங்கினார். ஆசிரமத்தைப் பார்க்கலாம் என்று ஒருநாள் சிலர் காரில் புறப்பட்டுப் போனார்கள். அந்த இடத்தில் ஒரு செங்கல் சூளை இருந்தது. ஏமாந்தவர்கள் ஏழைகளாக இருந்திருந்தால் போலீஸ் பார்த்துக்கொண்டிருக்கும். பெரிய மனிதர்களாக இருந்ததால் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதற்குச் சமூக ஊழியர் பதிவுக் குழு என்று பெயர். இனிமேல் பதிவு பெற்று, பித்தளை பேட்ஜ் அணிந்தவர்தான் சமூக ஊழியர். மற்றவர் யாரும் காப்பகங்களுக்குள் நுழையவோ, அங்கே இருப்பவர்களுக்காகக் கையெழுத்துப் போடவோ கூடாது என்று விதி வந்தது. அந்தக் குழுவுக்கு என்னை இன்ஸ்பெக்ட்ரஸாகப் போட்டார்கள்.

குழுவின் செயலாளர் நரசிம்மாச்சார். பல இலாகாக்களைப் பார்த்தவர், எதிலும் அவசரப்பட்டதாகப் பெயர் எடுக்காதவர். மேஜைக்கு ஒரு கோப்பு வந்தால், முதலில் அதற்குப் பொருந்தும் விதியை யாராவது உரக்கப் படிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு கோப்பைக் குப்புறப் போடுவார். குப்புறப் போட்ட கோப்பை அவரே நிமிர்த்தும்வரை வேறு யாரும் தொடக்கூடாது. அது ஒருநாளும் ஆகலாம், ஒரு பருவமும் ஆகலாம். ஏன் சார் என்று ஒருமுறை கேட்டேன். "பாதிக் கோப்பு தானாவே செத்துப்போயிடும்மா. மிச்சம் இருக்கறதைத்தான் நாம பார்க்கணும்" என்றார்.

குழு முதலில் ஆராய்ந்தது பேட்ஜின் வடிவத்தை. விளக்கா, தாமரையா என்று பல கூட்டங்கள் நடந்தன. கடைசியில் தாமரைக்குள் விளக்கு என்று முடிவாயிற்று. ஆனால் பேட்ஜ் தயாரான பிறகு அதைக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. விண்ணப்பம் செய்கிறவரைப் பதிவு பெற்ற இரண்டு ஊழியர்கள் சிபாரிசு செய்ய வேண்டும் என்பது விதி. பதிவு பெற்றவர் ஒருவர்கூட இல்லை. முதல் ஆளைச் சிபாரிசு செய்ய யாருக்கும் தகுதி இல்லை.

குழுவில் உறுப்பினர்கள் மூவர். அவர்களுடைய மனைவிமார் மூவரும் சேவையில் நாட்டம் உள்ளவர்கள் என்பது அப்போது தெரியவந்தது. முதலாமவரை மற்ற இருவரும், இரண்டாமவரை மற்ற இருவரும், மூன்றாமவரை மற்ற இருவரும் சிபாரிசு செய்வது என்று தீர்மானித்தார்கள். யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்பதில் சட்டச் சிக்கல் எழுந்தது. முதலில் போடுகிறவர் அந்தக் கணத்தில் பதிவு பெறாதவர் ஆயிற்றே. நரசிம்மாச்சார் விதியைப் படிக்கச் சொல்லிக் கண்ணை மூடினார். திறந்தபோது வழி பிறந்திருந்தது. மூவரும் ஒரே வட்ட மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். மூன்று பேனாவும் ஒரே சமயத்தில் காகிதத்தைத் தொட வேண்டும்.

அப்படியே நடந்தது. நான்தான் "ஒன், டூ, த்ரீ" சொன்னேன். மூவரில் ஒருவரான திருமதி சாரதாவின் பேனாவில் இங்க் இறங்காததால் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் எனக்கு ஒரு சந்தேகம் வந்து, நானும் பதிவுக்கு விண்ணப்பிக்கலாமா என்று செயலாளரைக் கேட்டேன்.

"சம்பளம் வாங்கறேளோ?"

"வாங்கறேன் சார்."

"அப்போ நீங்க சமூக ஊழியர் இல்லை. சம்பளம் இல்லாம செஞ்சாத்தான் சேவை. விதியைப் படிங்கோ."

படித்தேன். அவர் சொன்னது சரி. டிப்ளமா வாங்கிய நான் சமூக ஊழியர் அல்ல; சமூக ஊழியர்கள் யார் என்று பார்த்துச் சொல்லும் உத்தியோகம் மட்டும் என்னுடையது.

பதிவை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அதற்குச் சேவை செய்ததற்கான சான்று காட்ட வேண்டும். எழுத்து மூலமான அறிக்கையில் யாரும் எதையும் எழுதிவிடலாம், போட்டோ பொய் சொல்லாது என்று குழு கருதியது. ஆகவே சேவை செய்யும்போது எடுத்த போட்டோக்களை இணைக்க வேண்டும் என்று விதி சேர்த்தார்கள். அன்றிலிருந்து பெங்களூரின் சமூக சேவை கமர்ஷியல் ஸ்ட்ரீட் போட்டோக்காரர் பாஷாவின் கைக்குப் போய்விட்டது.

நகருக்குக் கிழக்கே, பழைய மெட்ராஸ் ரோடுப் பக்கம், ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்திய பெண்கள் இல்லம் இருந்தது. ஆதரவற்ற பெண்களைக் கோர்ட் அங்கே அனுப்பும். பதிவு பெற்ற பெண்மணிகள் எல்லாரும் சேவைக்கு வந்த இடம் அதுதான், ஏனென்றால் வாசல்வரை கார் போகும். ஆனால் அங்கே ஒரு சங்கடம் இருந்தது. காமிராவைக் கண்டதும் பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். புருஷன் வீட்டார் கண்ணில் பட்டுவிடும் என்று சிலருக்குப் பயம், படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று சிலருக்கு. முகத்தை மூடாமல், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நின்றவள் ஒருத்திதான். அவள் பெயர் அஞ்சலை.

அஞ்சலை ஜீவனஹள்ளிக்காரி. மில் தொழிலாளியான புருஷன் இறந்ததும், அவனுடைய தம்பி வீட்டைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, அவளையும் பெண் குழந்தையையும் வெளியே அனுப்பிவிட்டான். கன்டோன்மென்ட் ரயில் நிலையத்தில் தங்கியிருந்தவர்களைப் போலீஸ் கோர்ட்டுக்குக் கொண்டுபோனது. கோர்ட் அஞ்சலையைப் பெண்கள் இல்லத்துக்கும், குழந்தை செல்வியைக் காக்ஸ் டவுன் பக்கம் இருந்த குழந்தைகள் விடுதிக்கும் அனுப்பியது. இருவருக்கும் பாதுகாப்புக் கொடுத்தாயிற்று என்று கோப்பில் எழுதியிருந்தது. பாதுகாப்புக் கொடுத்த நாளிலிருந்து தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

நான் முதன்முதலில் இல்லத்தைச் சோதனையிடப் போன அன்று, முற்றத்தில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. அஞ்சலை ஒரு தூணின் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் அந்தக் கையில் ஆரஞ்சுப் பழத்தை வைத்தார்.

"ஹில்னா நக்கோ! ஆடாதேம்மா, ஆடாதே!" என்று பாஷா கறுப்புத் துணிக்குள்ளிருந்து கத்தினார். "மேடம், நீங்க பழத்தைப் பார்க்காதீங்கோ, அந்தம்மாவைப் பாருங்கோ. கொஞ்சம் தயவு வரட்டும் முகத்துலே. பஸ், பஸ், போதும், அவ்ளோ வேணாம்."

படம் முடிந்ததும் பழம் திரும்பப் போயிற்று. அடுத்த அம்மாள் வந்து நின்றார். அதே தூண், அதே அஞ்சலை, அதே ஆரஞ்சு. கடைசிப் படத்துக்குள் பழம் கைகள் பட்டுப் பட்டுக் குழைந்திருந்தது.

எல்லாரும் போன பிறகு, "ஒரு பழம்கூட உனக்குத் தரலையா?" என்று அவளைக் கேட்டேன்.

"அது எங்க நாத்தனாரு மாதிரிம்மா. வரும், எல்லாரையும் ஒரு பார்வ பாக்கும், போயிடும்" என்றாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "ஆபீஸ்காரம்மா, உங்களக் கேக்கலாமா? என்னிய எப்ப வுடுவாங்க? கோர்ட்டு சொன்ன கெடு முடிஞ்சிபோச்சின்னு மேட்ரனே சொல்றாங்க. எம் பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள நான் போவலன்னா, அத ஷிமோகா விடுதிக்கு அனுப்பிடுவாங்களாம். ஷிமோகா எங்க இருக்குதுன்னுகூட எனக்குத் தெரியாதும்மா" என்றாள்.

மேட்ரனிடம் விசாரித்தேன். அஞ்சலை சொன்னது அத்தனையும் உண்மை. குழந்தைகள் விடுதியில் சின்னக் குழந்தைகளை மட்டும்தான் வைத்துக்கொள்வார்கள். பள்ளிக்கூட வயதானதும் கிளை விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். தாய் வெளியே வந்து, ஒரு வீட்டில் குடியிருந்து, நேரில் கேட்டால் குழந்தையைக் கொடுத்துவிடுவார்கள்.

"அப்போ இவளை ஏன் இன்னும் வெச்சிருக்கீங்க?"

"நானா வெச்சிருக்கேன்? வெளிய போறவங்களுக்குச் சொந்தக்கார ஆம்பள கையெழுத்துப் போடணும், இல்லன்னா சமூக ஊழியர் போட்டு மாசாமாசம் போய்ப் பார்த்து ரிப்போர்ட் குடுக்கணும். கொழுந்தன் மாட்டேன்னுட்டான். முன்னெல்லாம் தெருவுல நாலு பேருக்குத் தெரிஞ்சவங்க யாராவது வந்தா போதும். பக்கத்து வீட்டு கோவிந்தம்மா, தன் வீட்டுலயே வெச்சிக்கறேன்னு நாலு நடை வந்துட்டுப் போச்சு. பேட்ஜ் எங்கன்னு கேட்டேன். பாவம், மூக்குத்தியத் தொட்டுப் பார்த்துக்கிச்சு. உங்க ஆபீஸ் போட்ட ரூல்தானேம்மா?"

எங்கள் ஆபீஸ் போட்ட ரூல்தான். அநாதைகளை ஏமாற்றுக்காரர்களிடமிருந்து காப்பாற்றப் போட்டது. கோவிந்தம்மாவிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது.

பேட்ஜ் உள்ளவர்களிடம் போய்க் கேட்பது என்று முடிவு செய்தேன். முதலில் திருமதி சாரதா. அவர் கணவர் பெரிய கான்ட்ராக்டர், குழுவிலும் உறுப்பினர். ஃப்ரேசர் டவுனில் பங்களா. என்னை அன்போடு உட்காரவைத்து, காப்பி கொடுத்து, ஆல்பத்தைக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் அஞ்சலை, ஆரஞ்சோடும் புடவையோடும் சிலேட்டோடும்.

"எவ்ளோ சாந்தமான முகம் பாருங்கோ. இவளைப் பார்த்தாலே நமக்கு சேவை செய்யணும்னு தோணறது" என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"வெளிய போறாளா? இப்போவா? அடுத்த மாசம் எங்க எல்லாருக்கும் ரினியூவல் வரதே! மத்ததுகள் எல்லாம் மூஞ்சியை மூடிண்டுடும். இவ போயிட்டா யாருக்குப் பண்றது சேவை?"

"குழந்தை ஷிமோகாவுக்குப் போயிடும் மேடம்."

"ஷிமோகா நல்ல க்ளைமேட்டாச்சே." சற்று யோசித்தார். "நான் கையெழுத்துப் போட்டா மாசாமாசம் ஜீவனஹள்ளிக்கு நானே போய்ப் பார்க்கணுமோ? அந்தச் சந்துல கார் போகாதாமே?"

போகாது என்று ஒப்புக்கொண்டேன். மற்ற பெண்மணிகளிடமும் போனேன். ஒருவருக்கு முழங்கால் வலி. இன்னொருவருக்குக் கணவரின் அபிப்பிராயம் தெரிய வேண்டும், கணவர் டெல்லியில். ஒருவர் மட்டும் வெளிப்படையாக, "அந்தத் தெருவெல்லாம் சாக்கடை. சேவைக்கும் ஒரு இடம் பொருள் இல்லையா?" என்றார். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் எனக்குக் காப்பி கொடுத்தார்கள்.

கோடை பாதி கழிந்துவிட்டது. புதுப்பிப்பு விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. அவற்றைச் சரிபார்ப்பது என் வேலை. ஒவ்வொன்றையும் பிரித்தேன், ஒவ்வொன்றிலும் அஞ்சலை நின்றாள். பெங்களூரிலேயே ஓய்வில்லாமல் சமூக சேவையில் தென்பட்டவர் ஒருவர் உண்டென்றால் அது அவள்தான். இந்த எண்ணம் முதலில் எனக்கு வேடிக்கையாகத்தான் தோன்றியது. பிறகு எழுந்துபோய் விதிப் புத்தகத்தை எடுத்து, எங்கள் செயலாளரைப் போலவே கண்ணை மூடாத குறையாகப் படித்தேன்.

விண்ணப்பதாரர் வயது வந்தவராக இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஒரு ஸ்தாபனத்தில் ஒரு வருஷம் சம்பளம் இல்லாமல் வேலை செய்திருக்க வேண்டும். கன்னடம், தமிழ், இங்கிலீஷ் ஏதாவது ஒன்றில் அறிக்கை எழுதத் தெரிய வேண்டும். போட்டோக்கள் வேண்டும். இரண்டு பேர் சிபாரிசு வேண்டும். இவ்வளவுதான். அஞ்சலை ஒரு வருஷத்துக்கு மேலாக இல்லத்தில் சமைத்தாள், படுத்திருந்த கிழவிகளைக் குளிப்பாட்டினாள், வருகிற குழந்தைகளுக்கு ஊட்டினாள். சம்பளம் கிடையாது. அந்த நிபந்தனையை அவளைவிடச் சுத்தமாக நிறைவேற்றியவர் யாரும் இல்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதுவரை படித்திருந்தாள். போட்டோக்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பதிவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அவளிடம் தாளை நீட்டினேன். "வெளையாடறீங்களாம்மா?" என்றாள்.

"இல்லை. நீயே பதிவு வாங்கிட்டா, வெளிய போறதுக்கு நீயே கையெழுத்துப் போடலாம்."

"எனக்கு நானேவா?"

"கூடாதுன்னு எங்கயும் எழுதலை."

"எழுதினவங்களுக்குத் தோணியிருக்காது" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

சிபாரிசுக்குத் திருமதி சாரதாவிடமே போனேன். புதிய ஊழியர்களை அதிகமாகச் சேர்த்துவிடுகிறவருக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுக்கும் வழக்கத்தைக் குழு அந்த வருஷம் தொடங்கியிருந்தது. இல்லத்தில் இருக்கும் அஞ்சலைக்கு என்று தெளிவாகவே சொன்னேன்.

"அட, நல்ல ஐடியாவா இருக்கே! பேட்ஜ் போட்டுண்டு நின்னா படம் இன்னும் எடுப்பா இருக்கும். எப்பவும் அங்கேயே இருக்கற ஊழியர்!" என்று உடனே கையெழுத்துப் போட்டார். அடுத்த வீட்டுத் தோழிக்கும் டெலிபோன் செய்து, அவரையும் போடச் சொன்னார். எப்பவும் அங்கேயே இருப்பாளா என்று அவர் என்னைக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

கோப்பு நரசிம்மாச்சாரின் மேஜைக்குப் போயிற்று. விதியைப் படித்தேன். கண்ணைத் திறந்தார்.

"சேவை செய்யற இடம், பெண்கள் இல்லம். குடியிருக்கற இடமும் பெண்கள் இல்லம். யாரும்மா இது?"

"அங்கே இருக்கறவங்கதான் சார்."

"மேட்ரனா?"

"இல்லை சார். கோர்ட் அனுப்பினவங்க."

அவர் கோப்பைக் குப்புறப் போட்டார்.

அந்த நாட்கள் எனக்கு மிகவும் கடினமாக இருந்தன. தினமும் காலையில் ஏதாவது சாக்கு வைத்து அவர் அறைக்குள் போவேன். கோப்பு கவிழ்ந்தபடியே கிடக்கும். பள்ளிக்கூடங்கள் திறக்கப்போகும் செய்தி பத்திரிகையில் வந்துவிட்டது. கோவிந்தம்மா குழந்தைகள் விடுதியின் கேட்டுக்கு வெளியே நின்று செல்வியைப் பார்த்துவிட்டு நேரே எங்கள் ஆபீஸுக்கு வந்தாள். பஞ்சு ஒட்டிய தலையோடு, மில் ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள்.

"புள்ளைக்குத் தகரப் பொட்டி குடுத்துட்டாங்கம்மா. பேரு எழுதி வெச்சிருக்குது. 'அத்தே, எங்கம்மாவும் ஷிமோகாவுக்கு வருமா'ன்னு கேக்குது. நான் என்னான்னு சொல்லட்டும்? ஏம்மா, உங்க பெரியவரு அந்தக் கோப்பத் திருப்பிப் போட எத்தினி ஆளு வேணும்? நாங்க மில்லுல பஞ்சுப் பேலு தூக்கறவங்க, வேணும்னா நாலு பேரு வரோம்."

இதை அப்படியே செயலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.  கோப்பை நிமிர்த்தினார்.

"உதவி பெறுகிறவர் பதிவு பெறக்கூடாதுன்னு விதியில எங்கயாவது இருக்கா? படிங்கோ."

"அப்படி ஒண்ணும் இல்லை சார்."

"இன்னொரு தரம் படிங்கோ."

இன்னொரு தரம் படித்தேன்.

"இல்லாததைச் சேர்க்க நாம யாரு?" என்று கேட்டு, குழுவின் முன் வைக்கக் கையெழுத்திட்டார்.

குழுக் கூட்டத்தில் புதிய விண்ணப்பதாரர்களை வரிசையாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். தலைவருக்குத் தமிழ் தெரியாது. காதும் சற்று மந்தம். மேட்ரனிடம் அனுமதி வாங்கி நான் அழைத்து வந்த அஞ்சலை, கோவிந்தம்மா கொடுத்தனுப்பிய வெள்ளைப் புடவையில் வந்து நின்றாள். பட்டுப்புடவைகளுக்கு நடுவில் அது நிஜமான சேவைக் கோலம்போல் இருந்தது.

"சமாஜ சேவே அந்தரே ஏனு?" என்று, சமூக சேவை என்றால் என்ன என்பதைத் தலைவர் கன்னடத்தில் கேட்டார்.

அவளுக்குக் கன்னடம் புரியும். பதில் மட்டும் தமிழில் வந்தது. "படம் புடிச்சி முடிக்கற வரிக்கும் ஆடாம நிக்கறதுங்க."

 "ஏனந்தரு?" என்று தலைவர் காதில் கையை வைத்துச் செயலாளர் பக்கம் சாய்ந்தார்.

நரசிம்மாச்சார் கண்ணை மூடித் திறந்தார். "தாள்மெ அந்தாரே சார். பொறுமைன்னு சொல்றா."

"பஹள சந்தோஷ" என்று தலைவர் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். திருமதி சாரதா தாமே எழுந்து வந்து பேட்ஜைக் குத்திவிட்டார். பாஷா படம் பிடித்தார். அஞ்சலை அன்று முதன்முறையாகப் படத்தில் கண்ணைச் சிமிட்டிவிட்டாள். அதனால் அது புதுப்பிப்புக்கு உதவாது என்று பாஷா வருத்தப்பட்டார்.

மறுநாள் காலை இல்லத்துக்குப் போனேன். மேட்ரன் விடுவிப்புக் காகிதத்தை மேஜையில் வைத்தார். வெளியே போகிறவர் என்ற இடத்தில் அஞ்சலை கையெழுத்திட்டாள். பொறுப்பேற்கும் சமூக ஊழியர் என்ற இடத்திலும் அஞ்சலை கையெழுத்திட்டாள். மேட்ரன் இரண்டையும் பார்த்தார், பேட்ஜைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கையெழுத்து ரெண்டும் ஒத்துப்போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

குழந்தைகள் விடுதியில், தாய் போகிற வீடு தகுதியானதுதானா என்று ஒரு சமூக ஊழியர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். அதற்கும் ஆள் வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் செல்வி தகரப் பெட்டியோடு ஜீவனஹள்ளிக்குப் போனாள்.

திருமதி சாரதா என்னோடு வெகுநாள் பேசவில்லை. உதவி பெறுகிறவர் இனிமேல் பதிவு பெறக்கூடாது என்று அடுத்த கூட்டத்திலேயே புது விதி கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே கொடுத்த பதிவையும் ரத்து செய்யலாமா என்று கேட்டார்கள். விதி பின்னோக்கிப் பாயாது என்று சொல்லி, நரசிம்மாச்சார் அந்தக் கோப்பைக் குப்புறப் போட்டார். நான் மாற்றலாகிப் போகும்வரை அது நிமிரவில்லை. இல்லத்தில் அதன் பிறகு போட்டோ எடுக்க யாரும் கிடைக்காததால், பெண்மணிகள் புதுப்பிப்பதை ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். குழுவை யாரும் கலைக்கவில்லை. ஒரு நாள் அதைக் கூட்ட ஆள் இல்லாமல் போயிற்று.

ஆனால் அஞ்சலை மட்டும் விதிப்படி மாதம் தவறாமல் அறிக்கை அனுப்பினாள். ஒன்று இன்னும் எனக்கு மனப்பாடமாக இருக்கிறது: "மேற்படி அஞ்சலையைப் பார்த்தேன். மில்லில் வேலை கிடைத்திருக்கிறது. வீடு ஒழுகுகிறது. கொஞ்சம் கோபமாக இருந்தார். காரணம் கேட்டேன். நியாயமாகத்தான் இருந்தது."

செயலாளர் அதைப் படித்துவிட்டு, குழுவுக்கு இதுவரை வந்ததில் இதுதான் நேரில் பார்த்து எழுதிய அறிக்கை என்றார்.

கண்காணிப்புக் கெடு முடிந்தது. முடித்துவைக்க விதியில் ஒரு முறை இருந்தது: பொறுப்பேற்ற ஊழியர், விடுவிக்கப்பட்டவர் இருவரையும் ஆபீஸுக்கு வரவழைத்து, இருவர் சம்மதத்தையும் கேட்க வேண்டும். "ரெண்டு பேரையும் கூப்பிடுங்கோ" என்றார் நரசிம்மாச்சார். நானும் இருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் அனுப்பினேன்.

குறித்த நாளில் அஞ்சலை வேகமாகப் படியேறி வந்து மேஜைக்கு முன்னால் நின்றாள். முகம் வியர்த்திருந்தது. நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ரெண்டு பேரும் வந்துட்டோம்மா. ரெண்டு பேருக்கும் சம்மதம்தான். சீக்கிரம் எழுதிக்கோங்க, பொண்ணுக்கு ஸ்கூல் வுடற நேரம்."